அறிக்கையில் ஒரு வரி: மகனின் ஆட்டிசத்துக்கு அதுதான் காரணமா?

கடிதச் சுருக்கம்: மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதும் வாசகிக்கு வயது 34. கணவர் இவருடைய தாய்மாமன் மகன். ஒரே பையன், 5 வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று உறுதியானது. தலை கொஞ்சம் பெரிது, மலச்சிக்கல் உண்டு, இரவில் சரியாகத் தூங்குவதில்லை. சென்ற ஆண்டு ஒரு தனியார் நிறுவனத்தின் மூலம் பையனின் எச்சிலை மட்டும் வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி 'எக்சோம்' மரபணுச் சோதனை செய்திருக்கிறார்கள். அறிக்கையில் சி.எச்.டி.8 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதாகவும், அது 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்றும் வந்திருக்கிறது. விளக்கிச் சொல்ல யாரும் இல்லை. தேடிப் பார்த்தபோது சி.எச்.டி.8 ஆட்டிசத்தோடு தொடர்புடையது, தலை பெரிதாக இருக்கும் என்று படித்து, காரணம் கிடைத்துவிட்டது என்றே முடிவு செய்திருக்கிறார்.

மாமியாரோ, "எங்கள் வம்சத்தில் இப்படி யாருமே இல்லை, நீ மாசமாக இருந்தபோது பனடோல் போட்டதுதான் காரணம்" என்கிறார். நாத்தனாருக்கு வரன் பேசிக்கொண்டிருப்பதால் அறிக்கையை யாருக்கும் காட்டக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. இரண்டாவது குழந்தை வேண்டும், ஆனால் பயம். இதற்கிடையில் ஒரு நிலையம், 'மினி மூளை' ஆராய்ச்சியைக் காட்டி, ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் பேச்சு வரும் என்று சொல்கிறது.

அன்புச் சகோதரிக்கு,

அறிக்கையிலிருந்து அந்த வரியை அப்படியே எழுதி அனுப்பியது மிகவும் உதவியாக இருந்தது. முதலில் அதையே எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் நடக்கும் எல்லா வாக்குவாதமும் அதைத் தப்பாகப் படித்ததிலிருந்துதான் கிளம்புகிறது.

எக்சோம் சோதனை நம் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படிப்பதில்லை. சுமார் 300 கோடி எழுத்துகளில், புரதம் செய்யும் கட்டளைகள் உள்ள 1 முதல் 2 விழுக்காட்டை மட்டும் படிக்கிறது. அதிலேயே ஒவ்வொருவரிடமும் ஆயிரக்கணக்கான வித்தியாசங்கள் தென்படும். 'கோயில்' என்பதைக் 'கோவில்' என்று எழுதினால் பொருள் மாறாது. 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதினால் பொருளே வேறு. ஒரு வாக்கியம் பாதியில் அறுந்து நின்றால் அது வாக்கியமே இல்லை. மரபணு மாற்றங்களும் இப்படித்தான். சி.எச்.டி.8-இல் ஆட்டிசத்தோடு உறுதியாகத் தொடர்புபடுத்தப்பட்டவை பெரும்பாலும் மூன்றாவது வகை: புரதம் பாதியில் அறுந்துபோகும் மாற்றங்கள். உங்கள் மகனிடம் இருப்பது, அந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றில், புரதத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் குளூட்டமின் என்ற வேறொன்று வரச் செய்யும் ஓரெழுத்து மாற்றம். இது கோவிலா பல்லியா என்று ஆய்வுக்கூடத்துக்கே தெரியவில்லை. அதைத்தான் 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று எழுதியிருக்கிறார்கள்.

மரபணு மாற்றங்களை ஐந்து படிகளாகப் பிரிக்கும் முறை 2015-இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வகுத்தது. நோய்க்குக் காரணம், காரணமாக இருக்கக்கூடும், பொருள் உறுதியில்லை, பாதகமில்லாமல் இருக்கக்கூடும், பாதகமில்லை. உங்களுடையது நடுப்படி. நடுப்படியில் இருப்பதை வைத்துக் கருவை, கல்யாணத்தை, மருந்தை முடிவு செய்யக் கூடாது என்பதே மருத்துவ நெறி. பின்னாளில் வேறு படிக்கு மாற்றப்படுபவற்றில் பெரும்பாலானவை கீழே, அதாவது பாதகமில்லாத பக்கமே இறங்குகின்றன.

நம்மவர்களுக்கு இந்த நடுப்படி அறிக்கை அடிக்கடி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு மாற்றம் ஆரோக்கியமான மக்களிடமும் சாதாரணமாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் உலகத் தரவுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகம். நம் மக்களிடம் நூறாண்டுகளாகச் சாதாரணமாக உலவும் ஓர் எழுத்து, அந்தப் பட்டியலில் அபூர்வமாகத் தெரியலாம். அபூர்வம் என்றால் சந்தேகம். இது விஞ்ஞானத்தில் இருக்கும் நிஜமான குறை, அதன் சுமை உங்களைப் போன்ற தாய்மார்கள் தலையில் இறங்குவது வருத்தம் தருகிறது.

மரபணு என்றாலே பரம்பரையா?

'மரபணு' என்ற சொல்லுக்குள்ளேயே 'மரபு' இருக்கிறது. அதனால்தான் மருத்துவர் "மரபணுக் காரணம்" என்றதும் வீட்டில் "யார் பக்கத்திலிருந்து வந்தது?" என்ற விசாரணை தொடங்கிவிடுகிறது. ஆனால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும், தாயிடமும் தந்தையிடமும் இல்லாத புதிய ஓரெழுத்து மாற்றங்கள் சுமார் 60 முதல் 70 வரை இருக்கும். செல் பிரதியெடுக்கும்போது நேரும் எழுத்துப் பிழைகள் இவை. தந்தையின் வயது ஓராண்டு கூடக்கூட ஏறத்தாழ இரண்டு பிழைகள் கூடுகின்றன என்று ஐஸ்லாந்துக் குடும்பங்களில் செய்த ஆய்வு 2012-இல் காட்டியது. பெரும்பாலானவை எதுவும் செய்வதில்லை. எப்போதாவது ஒன்று, மூளை வளர்ச்சிக்குத் தேவையான மரபணுவில் விழுந்துவிடுகிறது. சி.எச்.டி.8, எஸ்.சி.என்.2ஏ போன்றவற்றில் காணப்படும் பலமான மாற்றங்களில் பெரும்பான்மை இப்படிப் புதிதாக வந்தவை. அங்கே வம்சத்தைக் கேள்வி கேட்க இடமே இல்லை.

அதே சமயம் மாமியாரின் வாதமும் நிற்காது. டென்மார்க், சுவீடன், பின்லாந்து, இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களின் சுமார் 20 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு, மக்களிடையே ஆட்டிசத்தில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மரபணு வேறுபாடுகளே காரணம் என்று கணித்தது. (ஒரு குழந்தைக்கு வர 80 விழுக்காடு வாய்ப்பு என்று இதைச் சிலர் படிக்கிறார்கள். அது தவறு.) இதில் பெரும்பங்கு, நாம் எல்லோரும் சுமக்கும் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு வேறுபாடுகளுடையது. தனித்தனியே எதுவும் செய்யாதவை, ஒரு குழந்தையிடம் கூடுதலாகச் சேரும்போது எடை காட்டுகின்றன. வம்சத்தில் யாருக்கும் ஆட்டிசம் இல்லாமலே இரு பக்கத்திலிருந்தும் இவை வரும். உங்களிடமிருந்தும், உங்கள் கணவரிடமிருந்தும்.

பனடோல், அதாவது பாராசிட்டமோல் பற்றி: சுவீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த 24 லட்சத்து 80 ஆயிரம் குழந்தைகளை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார்கள். ஒரே தாய், ஒரு கர்ப்பத்தில் பாராசிட்டமோல் எடுத்தார், இன்னொன்றில் எடுக்கவில்லை என்று உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டபோது, ஆட்டிச வாய்ப்பு கூடவில்லை. கர்ப்பத்தில் எடுக்கும் இந்த மருந்துக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு சொன்னதைக் கேட்டுப் பலர் கலங்கினார்கள். அந்த அறிவிப்பு இந்த உடன்பிறப்பு ஒப்பீட்டை மாற்றிவிடவில்லை. காய்ச்சலுக்கு நீங்கள் போட்ட மாத்திரை உங்கள் மகனை இப்படி ஆக்கவில்லை. இந்த வாக்கியத்தை மாமியாருக்குப் படித்துக் காட்டலாம்.

விஞ்ஞானிகள் உண்மையில் கண்டது என்ன

2020-இல் 35,584 பேரின் எக்சோமை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு, ஆட்டிசத்தோடு தொடர்புடைய 102 மரபணுக்களைப் பட்டியலிட்டது. அவற்றில் பெரும்பாலானவை இரண்டு வேலைகளில் அடங்கும். ஒன்று, மற்ற மரபணுக்களை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று கட்டுப்படுத்துவது. சி.எச்.டி.8 இந்த வகை, ஒரு கங்காணி மாதிரி. மற்றொன்று, நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்புகளைக் கட்டுவது. ஷாங்க்3 அந்த வகை. இந்த மரபணுக்கள் மூளையில் எங்கே, எப்போது சேர்ந்து வேலை செய்கின்றன என்று தேடிய 2013 ஆய்வு, கரு உருவாகி 10 முதல் 24 வாரங்களில், மூளைப் புறணியின் ஆழ்ந்த அடுக்குகளில் உருவாகும் நரம்பு செல்களைச் சுட்டியது.

அடுத்த கேள்வி, அந்த வாரங்களில் என்ன பிசகுகிறது என்பது. வயிற்றில் இருக்கும் சிசுவின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது. அதற்காகத்தான் 'மினி மூளை' எனப்படும் ஆர்கனாய்டுகள். ஸ்டெம் செல்களைக் கிண்ணத்தில் மாதக்கணக்கில் வளர்த்து, சில மில்லிமீட்டர், ஒரு பயறு அளவுக்குத் திசு உருண்டைகளாக்குகிறார்கள். அது சிந்திக்காது, உணராது. ஆனால் நரம்பு செல்கள் பிறக்கும் வரிசை அதில் தெரியும். ஹார்வர்டில் பாவோலா ஆர்லோட்டாவின் ஆய்வுக்கூடம் 2022-இல், சி.எச்.டி.8 உட்பட மூன்று ஆட்டிச மரபணுக்களைத் தனித்தனியே ஒரு பிரதியில் முடக்கி வளர்த்துப் பார்த்தது. மூன்றும் வேறு வேறு வேலை செய்யும் மரபணுக்கள். ஆனாலும் குறிப்பிட்ட சில வகை நரம்பு செல்கள் பிறந்து முதிரும் காலம் மூன்றிலும் பிசகியது. அதே மரபணு மாற்றத்தை வேறொருவரின் செல்லில் செய்தபோது பிசகின் அளவு மாறியது. ஒரே மாற்றம் இரு குழந்தைகளிடம் ஏன் வேறுவேறு விதமாக வெளிப்படுகிறது என்பதற்கு இது ஒரு கண் திறப்பு: அந்த ஒரு மரபணுவோடு, மற்ற மரபணுக்களும் பேசுகின்றன.

எல்லாக் குழந்தைக்கும் இதே கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 5,392 பேரை ஆராய்ந்த 2025-ஆம் ஆண்டு ஆய்வு ஆட்டிசத்தை நான்கு பிரிவாகப் பார்த்தது. வளர்ச்சியில் தாமதமில்லாமல், பின்னாளில் கண்டறியப்பட்ட ஒரு பிரிவினரிடம் சம்பந்தப்பட்ட மரபணுக்கள் பிறந்த பிறகு அதிகம் வேலை செய்பவையாக இருந்தன.

இப்போது அந்த ஊசி. ஆர்கனாய்டு ஆராய்ச்சியில் ஸ்டெம் செல் கிண்ணத்தில் வளர்கிறது, யாருடைய உடலுக்குள்ளும் போவதில்லை. பிறப்பதற்கு முன் நரம்பு செல்கள் வரிசையாகப் பிறந்த காலத்தை, 5 வயதுப் பையனின் ரத்தக் குழாயில் செலுத்தும் செல்கள் திருப்பி எழுதுமா? ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பலன் தரும் என்று நிறுவப்படவில்லை. கிருமித் தொற்று, ஒவ்வாமை, மயக்க மருந்தின் அபாயம் எல்லாம் நிஜம். அந்த நிலையத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணம் கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள்.

இனி செய்ய வேண்டியவை

தலையை அளந்து பாருங்கள். நீளாத நாடாவைப் புருவங்களுக்குச் சற்று மேலே வைத்து, பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எழுதுங்கள். அப்பாவுக்கும் உங்களுக்கும் அதேபோல் எடுங்கள். அப்பாவின் தலையும் பெரிதாக இருந்தால் மகனின் பெரிய தலை வெறும் குடும்ப ஜாடையாகவே இருக்கலாம், சி.எச்.டி.8-க்குச் சாட்சி ஆகாது. மாறாக, வளர்ச்சி வரைபடத்தின் மேல்கோட்டையும் மகன் வெகுவாகத் தாண்டியிருந்தால், பி.டென் என்ற மரபணுவைச் சோதனை சரியாகப் படித்ததா என்று கேட்க வேண்டும். அதில் மாற்றம் இருப்போருக்குத் தைராய்டு போன்ற இடங்களில் கட்டி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், சிறு வயது முதல் கண்காணிப்பு உண்டு.

அடுத்து, கணவரும் நீங்களும் ரத்தம் கொடுத்து, அந்த ஒரு மாற்றம் உங்களில் யாரிடமாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு வழி. அந்த ஓர் இடத்தை மட்டும் சோதிப்பது மலிவு, விடையும் சீக்கிரம் வரும். மூவரின் எக்சோமையும் சேர்த்துப் படிப்பது செலவு அதிகம், ஆனால் மகனிடம் வேறு புதிய மாற்றம் தவறிப்போயிருந்தால் அதுவும் அகப்படும். நீங்கள் சொந்தத்தில் மணந்தவர்கள் என்பதால் எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது, காரணத்தைக் கீழே சொல்கிறேன். சம்மதப் படிவத்தில், மார்பகப் புற்றுநோய் போன்ற வேறு அபாயங்கள் தெரிந்தால் சொல்லலாமா என்று ஒரு கட்டம் இருக்கும். வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள், கவுண்டரில் நின்று யோசிக்காதீர்கள்.

விடை இப்படி வரலாம். ஆட்டிசம் இல்லாத உங்களில் ஒருவரிடமே அந்த மாற்றம் இருந்தால், அது காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைகிறது. இருவரிடமும் இல்லையென்றால் சந்தேகம் வலுக்கும், ஆனாலும் ஓரெழுத்து மாற்றம் என்பதால் உடனே தீர்ப்பாகாது.

மூன்றாவதாக, கற்றல் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் உண்டாக்கக்கூடிய ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபணு நிலை. "எக்சோம் எடுத்தாயிற்று, எல்லாம் பார்த்தாயிற்று" என்பது பலருக்கும் உள்ள தவறான நம்பிக்கை. எஃப்.எம்.ஆர்.1 மரபணுவில் ஒரு மூன்றெழுத்துத் தொடர் 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருவதால் உண்டாகும் இந்த நிலையைச் சாதாரண எக்சோம் பிடிக்காது. தனிச் சோதனை வேண்டும். இது மகனுக்கு வருவது தாய் வழியாக. உங்கள் பக்கம் கற்றல் குறைபாடு உள்ள ஆண்கள், 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்ற பெண்கள், வயதான காலத்தில் கை நடுக்கமும் தடுமாற்றமும் வந்த தாத்தாக்கள் யாராவது உண்டா என்று அம்மாவிடம் கேளுங்கள். இல்லையென்றாலும் சோதனையைச் செய்யுங்கள். குரோமோசோம் மைக்ரோ அரே சோதனை செய்ததாகவும் நீங்கள் எழுதவில்லை, அதையும் கேளுங்கள். எக்சோமில் சரியாகத் தெரியாத பெரிய துண்டு இழப்புகளும் இரட்டிப்புகளும் அதில் தெரியும்.

இதற்கெல்லாம் தனியார் முகவர் வேண்டாம். மகனைப் பார்க்கும் அரசாங்கக் குழந்தை மருத்துவரிடம், மரபியல் கிளினிக்குக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பினாங்கிலேயே பார்க்க வழியுண்டா என்று விசாரியுங்கள். இல்லாவிட்டால் கோலாலம்பூரில் துங்கு அஸிஸா மருத்துவமனையிலும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் மரபியல் பிரிவு உண்டு. கையில் இருக்க வேண்டியவை: அறிக்கையின் எல்லாப் பக்கங்களும், ஆய்வுக்கூடத்திடம் எழுதிக் கேட்டு வாங்கிய மூலத் தரவுக் கோப்பு, மகனின் சுகாதாரப் பதிவேடு, மூன்று தலைமுறை வம்ச வரைபடம். மூலத் தரவு இருந்தால் ஓரிரு ஆண்டு கழித்துப் புதிய அறிவோடு அதையே மறுபடி படிக்கலாம், மகனிடம் மீண்டும் மாதிரி எடுக்கத் தேவையில்லை.

சொந்தத்தில் கல்யாணம்

இதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். தாய்மாமனையே மணப்பதைக்கூட இந்து வழக்கப்படி அனுமதிக்கும் விலக்கு மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு திருமணச் சட்டத்தில் உண்டு. நீங்கள் வெட்கப்பட எதுவுமில்லை. மருத்துவக் கணக்கு மட்டும் வேறு. மாமன் மகனை மணந்தால், குழந்தையின் மரபணுத் தொகுப்பில் சராசரியாக 16-இல் ஒரு பங்கு, இரு பிரதியும் ஒன்றாக அமையும். ஒரு பிரதி கெட்டால் ஒன்றும் செய்யாமல், இரண்டும் கெட்டால் மட்டும் வெளிப்படும் நிலைகள் அந்தப் பகுதிகளில் ஒளிந்திருக்கும். உங்கள் மகனின் எக்சோமைப் படித்தவர்களுக்கு நீங்கள் உறவினர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பகுதிகளைக் குறிவைத்து மறுபடி படிக்கச் சொல்ல வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு 25 விழுக்காடு, அதில் சில நிலைகளுக்கு உணவு மாற்றமோ மருந்தோ உண்டு. தேடத் தகுந்தது.

இரண்டாவது குழந்தை

காரணம் தெரியாத நிலையில் பொதுக் கணக்கு இது: 2024-இல் வெளியான ஆய்வில், ஆட்டிசமுள்ள குழந்தைக்குப் பின் பிறந்தவர்களில் 20 விழுக்காட்டினருக்கு ஆட்டிசம் இருந்தது. ஆண் குழந்தைக்கு 25, பெண் குழந்தைக்கு 13. ஐந்தில் நால்வருக்கு இல்லை என்றும் அதைப் படிக்கலாம். மகனிடம் இருப்பது உறுதியான புதிய மாற்றம் என்று தெரிந்தால், அதே மாற்றம் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். பூஜ்யமாகாததற்குக் காரணம், விந்தணு அல்லது முட்டை உருவாகும் செல்களில் ஒரு பகுதியில் அதே பிழை இருக்கக்கூடும் என்பது.

உங்களுக்கு 34 வயது, சில மாதங்கள் பொறுத்துச் சோதனைகளை முடித்துவிட்டுக் கருத்தரிக்க நேரம் இருக்கிறது. பொறுக்க விருப்பமில்லையென்றால் அதுவும் உங்கள் உரிமை. ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுங்கள். கர்ப்ப காலத்தில் தாயின் ரத்தத்தில் செய்யும் என்.ஐ.பி.டி. சோதனை ஆட்டிசத்தைக் காட்டாது, "எல்லாம் நார்மல்" என்று வந்தால் அதை அப்படிப் படிக்க வேண்டாம். நச்சுக்கொடித் திசுச் சோதனை (11 முதல் 13 வாரம்), பனிக்குட நீர்ச் சோதனை (15 வாரத்துக்குப் பின்) இரண்டும் உறுதியான மாற்றம் தெரிந்திருந்தால்தான் பயன்படும். நடுப்படி மாற்றத்துக்காக இவற்றைச் செய்துகொண்டால் கருச்சிதைவு அபாயம்தான் மிச்சம். செய்வதற்கு முன் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: மலேசியத் தண்டனைச் சட்டம் 312-ஆவது பிரிவின்படி, கர்ப்பத்தைக் கலைக்கத் தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ உள்ள அபாயமே அளவுகோல். சிசுவின் மரபணு முடிவு தனிக் காரணமாக அதில் இல்லை. சோதனைக் குழாய்க் கருவிலேயே பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறையும் உறுதியான மாற்றம் தெரிந்த பின்தான்.

நாத்தனாரின் வரன் விஷயம். இந்த அறிக்கை அவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றை மறைக்கவும் வேண்டாம், காட்டவும் வேண்டாம். மகனின் மருத்துவ அறிக்கை மகனுடையது, பெண் பார்க்க வருபவர்களுக்குக் காட்டும் ஜாதகம் கிடையாது. ஆனால் மகனையே வீட்டின் உள்ளறையில் வைக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃப்ராஜைல் எக்ஸ் போல உறவினர்களைத் தொடும் முடிவு உறுதியானால் (மகனுக்குத் தாய் வழியாக வந்தாலும், நீங்கள் சொந்தம் என்பதால் அது அவரையும் தொடலாம்), அப்போது நாத்தனாரிடம் நீங்களே நேராகச் சொல்லுங்கள். சோதிப்பதா வேண்டாமா என்பது அவர் விருப்பம்.

எந்த மரபணு விடையும் வரும்வரை எதையும் நிறுத்திவைக்காதீர்கள். மலச்சிக்கலுக்கும் தூக்கத்துக்கும் இப்போதே மருந்தும் வழியும் உண்டு, அவை சரியானால் பகல் நேரப் பயிற்சியும் எளிதாகும். சமூக நல இலாகாவில், மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டைக்கு இன்னும் பதியவில்லையென்றால் இந்த மாதமே பதியுங்கள், மகன் முதலாம் ஆண்டுக்குப் போகுமுன் சிறப்புக் கல்வி வகுப்புக்கு விண்ணப்பிக்க அது கைகொடுக்கும். பேச்சுப் பயிற்சியில் யாரோ "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும்" என்று சொன்னதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். இரு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசமுள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. உங்கள் அம்மாவிடம் மட்டும் அவன் "சோறு", "போலாம்", "காத்தாடி" என்கிறானே, அந்த மூன்று சொற்களும் எந்த நேரத்தில், எதைக் காட்டி வருகின்றன என்று ஒரு வாரம் குறித்துவைத்துப் பயிற்சியாளரிடம் கொடுங்கள். நான்காவது சொல்லை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், தமிழிலேயே.